நாலு கொம்பு ரூட்டர்

திருத்தங்கலில் இப்போது மனிதர்களுக்கு ஜாதகம் பார்ப்பதில்லை, வைஃபை ரூட்டருக்குத்தான். சந்தேகமிருந்தால் ஜோசியர் சீனிவாசகத்தின் கடைக்குப் போய்ப் பாருங்கள், பைக் நிறுத்த இடம் கிடைக்காது.

விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசு ஷெட் வெடித்த மறுநாள் அவருக்கு ஞானம் பிறந்தது. "ரூட்டர்ல ஆண்டெனாக் கொம்பு கூடக் கூட அலை உக்கிரமாகும். உங்க சேலைல ஒட்டிட்டு வர்ற வெடிமருந்துத் தூசில அது பட்டுச்சு, வீடே சரவெடி!"

அதனால் மந்திரித்த ஒற்றைக் கொம்பு ரூட்டரை அவரே விற்றார். மஞ்சள் தடவியது, மூணு மடங்கு விலை. ஞானம் சும்மா வருமா?

பட்டாசு ஆலையில் திரி வைக்கும் பொன்மணியும் ஒன்று வாங்கினாள். மகள் ஓவியா வாங்கி வந்த நாலு கொம்பு ரூட்டர் பெட்டியோடு பரண் ஏறியது.

ஓவியாவை அவளுடைய பெங்களூரு கம்பெனி ஒரு வாரம் மட்டும் வீட்டிலிருந்து வேலை பார்க்க விட்டிருந்தது. திங்கட்கிழமை மீட்டிங்கிலும் லைன் அறுந்தால் மறுபடி ஹாஸ்டல்தான். மஞ்சள் ரூட்டரின் அலையோ அடுத்த அறைக்குப் போகவே கூச்சப்பட்டது.

ஞாயிறு காலை அலை பார்க்கும் கருவியோடு சீனிவாசகம் தெருவுக்கு வந்தார். ஊரே பின்னால் வந்தது. ஓவியா பரணிலிருந்து பெட்டியை இறக்கி வைத்தாள்.

"அய்யா, இது எங்க வீட்டுக்கு ஆகுமான்னு பாத்துச் சொல்லுங்க."

கருவி 'கீ' என்று அலறியது.

"ஆத்தாடி! நாலு கொம்பும் உறுமுது தாயி! பெட்டிக்குள்ள கெடந்தே இந்தப் பாடு!"

"ஏட்டி, நான் அன்னைக்கே சொன்னேன்ல!" பொன்மணி நெஞ்சில் கை வைத்தாள்.

ஓவியா பெட்டியைத் திறந்தாள். உள்ளே அரைக் கிலோ சாத்தூர் சேவு.

பக்கத்து வீட்டுச் சோணைமுத்து ஒரு பிடி அள்ளி வாயில் போட்டார். "காரம் கொஞ்சம் உக்கிரந்தான். சேவுக்கு எத்தன கொம்புய்யா?"

சீனிவாசகத்தின் கருவியைப் பிடுங்கித் திருப்பினார். கட்டைவிரல் படும் இடத்தில் ஒரு பொத்தான். அமுக்கினால் அலறியது, விட்டால் அடங்கியது. சீனிவாசகம் செருப்பைத் தேடினார்.

"அப்ப உன் ரூட்டர் எங்கட்டி?" என்றாள் பொன்மணி.

"நேத்துலருந்து பீரோ மேல ஓடுதும்மா. அதுக்குக் கீளதான் உன் வேலைச் சேலை தொங்குது. வெடிச்சுச்சா?"

பொன்மணி எட்டிப் பார்த்தாள். பச்சை விளக்கு மினுங்கியது. "சரி, நாளைக்கு இங்கனயே உக்காந்து வேலை பாரு," என்றாள். பிறகு மெதுவாக, "அப்ப அந்த ஷெட்டு எதுனாலட்டி வெடிச்சுச்சு?"

"நாலு பேரு இருக்க வேண்டிய எடத்துல பதினோரு பேர அடைச்சு வச்சிருந்தாகளாம்."

"எங்க ஷெட்டுல ஒம்பது பேரு."

ரூட்டரில் கொம்பு எண்ணத் தெரிந்த மகாஜனங்களே, நாளைக் காலை ஷெட்டுக்குள் தலையையும் எண்ணிப் பாருங்கள். அதற்குக் கருவி வேண்டாம், கழுத்துக்கு மேல் இருப்பதே போதும்.