சித்தே இருங்க, கேட்டுப்போட்டு சொல்றேன்

கோயமுத்தூர் ஜில்லாவை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை சலித்தாலும், முடிவெட்டைப் பாதியில் நிறுத்தி வீட்டுக்குப் போன் போட்டு அனுமதி கேட்ட ஆண்மகன் ஒருவன்தான் தேறுவான். அவன் என் விடுதி அறைத் தோழன். பெயர் என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறு யாரும் அதைப் பயன்படுத்தவில்லை. எங்களுக்கு அவன் ‘கேட்டுப்போட்டு’.

சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் முதல் வருஷம் சேர்ந்திருந்தோம். இருவருக்கும் வயது பதினாறு. அவன் தாராபுரம், நான் அவிநாசி. முதல் நாள் வார்டன் வந்து, “மேல் கட்டிலாப்பா, கீழ் கட்டிலாப்பா?” என்று அவனிடம் கேட்டார்.

“சித்தே இருங்க சார், ஊட்ல ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு சொல்றேன்.”

அவன் அம்மா எருமைக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார், போனை எடுக்கவில்லை. என் கட்டில் தனி; அந்த அடுக்கில் இரண்டு கட்டிலும் காலியாகக் கிடக்க, அன்று ராத்திரி முழுவதும் தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தான். மறுநாள் மத்தியானம் ‘கீழ் கட்டில்’ என்று உத்தரவு வந்த பிறகுதான் தலையணைக்கு உறை போட்டான்.

முடி வெட்டிய கதை இது. ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் சலூனில் உட்கார்ந்தான். வலது பக்கம் முடிந்ததும் கடைக்காரர், “இந்தப் பக்கமும் மிஷினே போட்டுரலாங்களா தம்பி?” என்று ஒரு மரியாதைக்குக் கேட்டுவிட்டார். மரியாதைக்குக் கேட்ட கேள்விக்கு மரியாதையாகப் பதில் சொல்ல வேண்டுமல்லவா? இவன் போர்த்திய துணியோடு வெளியே போய்ப் போன் போட்டான். அம்மா எடுக்கவில்லை. கடை சாத்தும் நேரமாகிவிட்டது. மறுநாள் செவ்வாய்க்கிழமை, ஊர் முழுக்க சலூன் லீவு. புதன்கிழமை காலை வரை வலது பக்கம் பட்டாளத்துக்காரனாகவும் இடது பக்கம் சாமியாராகவும் வகுப்புக்கு வந்து போனான்.

மரியாதையிலும் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. சம வயசுக்காரனான என்னையே வாங்க போங்க என்பான். விடுதி வாசலில் குறுக்கே படுத்திருக்கும் நாயிடம், “கொஞ்சம் தள்ளிப் படுத்துக்கங்க” என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பான். நாய் நகராவிட்டால் இவன் சுற்றிக்கொண்டு போவான்.

அம்மாவோடு பேசும்போது மட்டும் வராந்தாவின் கடைசிக்குப் போய், வாயைக் கையால் பொத்திக்கொண்டு பேசுவான். ஆனாலும் அந்த அம்மாவை எனக்கு முதல் வாரமே தெரியும். “ரூம்ல கூட இருக்கறது யாரு கண்ணு? போனைக் குடு” என்று கேட்டு வாங்கி, “ஏனுங் தம்பி, எந்தூருங்க? யாரு ஊட்டுப் பையனுங்க?” என்று ஆரம்பித்தார். எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்பித்தவர் யாருமில்லை. ஆறே நிமிஷத்தில் என் பெரியம்மாவின் மருமகன் தாராபுரத்தில் எந்தக் கடையில் உரம் வாங்குகிறார் என்பது வரை வந்துவிட்டார்.

இனி மொட்டைமாடிக்கு வருகிறேன். அங்கே மூன்றாம் வருஷத்து அண்ணன் ஒருவர் இருந்தார். எப்போதும் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி உட்கார்ந்திருப்பதால் அவருக்கு ‘டேங்க்’ என்று பெயர். கூடவே இரண்டு சிஷ்யர்கள். மொட்டைமாடிக்கு யார் வரலாம், யார் வரக்கூடாது என்பதை டேங்க்தான் முடிவு செய்வார். அவர் கூட்டத்தில் சேர்ந்தவனுக்கு விடுதியில் மவுசு. சேராதவன் மெஸ்ஸில் தனி மேசை. நான் இரண்டு மாதமாகத் தனி மேசைதான். கேட்டுப்போட்டு எதிரே உட்காருவான். ஆனால் பாதித் தலையோடு அலைந்தவன் துணை, துணையில் சேர்த்தியா என்று நினைத்த முட்டாள் நான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கோழிக்குழம்பு முடிந்த கையோடு, டேங்க் எங்கள் இருவரையும் மேலே கூப்பிட்டார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மேலே போனால், சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார்.

“ஆளுக்கு ஒண்ணு. ஜாலியா இருக்கும். ஒரு தடவைல ஒண்ணும் ஆயிராதுடா, இங்க எல்லாரும்தான் போடறோம். பயமா இருந்தா இப்பவே கீழ போயிரு. ஆனா மறுபடி இந்தப் படி ஏறாதே.”

போன மாசம்தான் எதிர் பிளாக் பையன் ஒருவன் இதே மாதிரி ஒன்றைப் போட்டுக் குளியலறையில் விழுந்து கிடந்தான். அவன் அப்பா வந்து ஒரு வார்த்தை பேசாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவனை அழைத்துப் போனதை நாங்கள் எல்லோரும் ஜன்னலில் நின்று பார்த்தோம். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. தனி மேசை அதைவிடப் பயமாக இருந்தது. கையை நீட்டினேன். மாத்திரை உள்ளங்கையில் விழுந்தது.

அடுத்தது கேட்டுப்போட்டு.

“சித்தே இருங்ணா, ஊட்ல கேட்டுப்போட்டு சொல்றேன்” என்றான்.

டேங்க் சிரித்தார். சிஷ்யர்களும் சிரித்தார்கள். இவன் அங்கேயே நின்று போன் போட்டு ஸ்பீக்கரையும் அமுக்கியதும் சிரிப்பு நின்றது.

“என்ன கண்ணு, சோறு உண்டாச்சா?”

“உண்டாச்சும்மா. இங்க ஒரு அண்ணன் மாத்திரை குடுக்கறாரு. போட்டுக்கட்டுமா?”

“மாத்திரையா? காய்ச்சலா கண்ணு?”

“காய்ச்சலெல்லாம் இல்லீம்மா. சும்மா ஜாலிக்குங்கறாரு.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் எருமை மட்டும் பேசியது.

“அந்தத் தம்பி டாக்டருக்குப் படிக்குதா?”

“மெக்கானிக்கல்ம்மா.”

“போனைக் குடு.”

“டேய், கட் பண்ணுடா!” என்று டேங்க் கிசுகிசுத்தார். அதற்குள் போன் அவர் முகத்துக்கு நேரே போய்விட்டது.

“ஏனுங் தம்பி, எந்தூருங்க?”

இந்த இடத்தில்தான் டேங்க் தோற்றார். அவரும் நம் பக்கத்துப் பிள்ளைதானே! பெரியவர்கள் ‘எந்தூருங்க’ என்றால் எழுந்து நின்று பதில் சொல்லித்தான் வளர்ந்திருக்கிறார். தொட்டியிலிருந்து இறங்கி, மடித்துக் கட்டியிருந்த லுங்கியை அவிழ்த்துவிட்டு, “காங்கேயம் பக்கமுங்க” என்றார். அடுத்த ‘எந்தூருங்க’ தங்களுக்குத்தான் என்று புரிந்த சிஷ்யர்கள் படியில் செருப்பை விட்டுவிட்டு ஓடினார்கள்.

“காங்கேயத்துல எங்கீங்க?”

“மாவு மில்லு வச்சிருக்கமுங்க.”

“அட, சரசக்கா பையனா! போன தையில கல்யாணத்துல ஒட்டுக்கா உக்காந்து சோறு உண்டமே! அக்காளுக்கு முழங்கால் வலி தேவலைங்களா?”

“தேவலைங்கத்தை.” எந்த வகையில் அத்தை என்று அவருக்கே தெரியாது.

“அந்த மாத்திரை பேரென்னங்க தம்பி? நல்லதா இருந்தா அக்காளுக்கும் போன் பண்ணிச் சொல்லிப்போடறேன்.”

டேங்குக்கு வியர்த்துக் கொட்டியது. “அது… தீந்துபோச்சுங்கத்தை.”

“தீந்ததே நல்லதுங்க. அக்கட்டால, பக்கத்துல ரூம் தம்பி இருக்குதா? கண்ணு, நீங்க ஒண்ணும் வாங்கலையே?”

“இல்லீங்கம்மா” என்று கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். அவர் இருந்தது தாராபுரத்தில். கீழே போய் உள்ளங்கையை விரித்தால், மாத்திரை வியர்வையில் பிசுபிசுத்திருந்தது. கழிவறையில் போட்டு இரண்டு முறை தண்ணீர் ஊற்றினேன்.

அதன்பிறகு எங்கள் விடுதியில் யார் எதை நீட்டினாலும் பையன்கள் போனை எடுத்து, “சித்தே இருங்ணா” என்பார்கள். நீட்டிய கை தானாக மடங்கும். மொட்டைமாடி துணி காயப்போடும் இடமாயிற்று. அந்த அம்மா சரசக்காவுக்குப் போன் செய்யவில்லை. டேங்குக்குத்தான் செய்தார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் “சோறு உண்டாச்சுங்களா தம்பி?” அதற்கடுத்த கேள்வி, “டாக்டரைப் பாத்தீங்களா?” நான்காவது ஞாயிறு முடிந்த திங்கட்கிழமை, வார்டனோடு டேங்க் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினார்.

நான் ஒருநாள் கேட்டுப்போட்டுவை மடக்கினேன். “நெசமாவே அது என்ன மாத்திரைன்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியுமுங்க. வேண்டாம்னு சொல்றதுக்கு எனக்குத் தைரியம் பத்தாதுங்க. அம்மாளுக்குப் பத்தும்.”

“எப்பவும் வாயைப் பொத்தித்தானே பேசுவ, அன்னைக்கு எதுக்கு ஸ்பீக்கர்?”

நாயைச் சுற்றிக்கொண்டு போகிற அதே முகத்தோடு சொன்னான்: “நீங்க கை நீட்டறதப் பாத்துப்போட்டேனுங்க.”

 

படிப்பு முடிந்து இத்தனை வருஷம் கழித்து, போன வாரம் அவனிடமிருந்து போன் வந்தது. பெண் பார்த்திருக்கிறார்களாம். அவனுக்குப் பிடித்திருக்கிறது, அம்மாவுக்கும் சம்மதம்.

“அப்புறமென்ன, சரின்னு சொல்ல வேண்டியதுதானே?”

“சித்தே இருங்கன்னு சொல்லியிருக்கனுங்க. உங்களைய ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு சொல்லலாம்னு.”

 நான் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டு, “எந்தூருங்க? யாரு ஊட்டுப் பொண்ணுங்க?” என்று ஆரம்பித்தேன்.