திரையில் ஸ்கேல் வைத்துப் பார்த்தவன்

பயம் வந்தால் என் மூளை உடனே லீவு போட்டுவிடும். கைகள் மட்டும் ஓவர்டைம் பார்க்கும். நாற்பத்தெட்டு வயதில் நான் ஹாஸ்கெல் என்ற கணினி மொழி படித்த லட்சணமும் அதுதான்.

தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் எனக்கு வேலை. புதிய மென்பொருள் பிரிவுக்கு ஆள் எடுத்தார்கள். கன்டெய்னர்களை எடைவாரியாக அடுக்கும் சின்ன புரோகிராமை வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு மேனேஜரிடம் ஓட்டிக் காட்டினால் ஏசி அறையில் நாற்காலி. ஓடாவிட்டால் எடைமேடையில் லாரிகளோடு வெயில். (எங்கள் ஊர் வெயிலில் கடல் தண்ணீரே உப்பாகிறது, நான் எம்மாத்திரம்?)

பத்தரைக்கு ஓட்டிப் பார்த்தேன். ஏழாவது வரியில் பிழை. இந்த மொழியில் ஒரு கூட்டத்து வரிகள் எல்லாம் ஒரே இடத்தில் தொடங்க வேண்டும். எனக்கோ நேராகத்தான் தெரிந்தது. இரும்பு ஸ்கேலை எடுத்துத் திரையில் வைத்தேன். மயிரிழை பிசகவில்லை.

பக்கத்து மேசை ஜெனிட்டா எட்டிப் பார்த்தாள்.

“என்ன அண்ணாச்சி, கம்ப்யூட்டருக்குச் சட்டை தைக்க அளவெடுக்கியளா?”

“நேராத்தாம்மா இருக்கு. இது பொய் சொல்லுது.”

“இந்த போனை முடிச்சிட்டு வாரேன். ஒண்ணுலயும் கை வைக்காதீய.”

வைத்தேன். எல்லா வரிகளையும் இடது ஓரத்தில் கொண்டுபோய் ஒட்டினேன். (தள்ளி நின்றால்தானே தகராறு?) ஒரு பிழை பதினாறானது. பதறி மூடப்போனேன். ‘சேமிக்கவா?’ என்று கேட்டது. சேமித்தேன்.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் வந்து பின்னால் நின்றார்.

“என்னவே, முடிஞ்சுதா?”

“முடிஞ்ச மாதிரிதான் சார்.”

போனை முடித்து வந்த ஜெனிட்டா, காலையில் நான் அவளுக்கு மெயிலில் அனுப்பியிருந்த பழைய பிரதியைத் திறந்தாள். அவள் கொடுத்த மாதிரியிலிருந்து எடுத்த வரிகளில் கர்சர் ஒவ்வோர் இடமாக நகர்ந்தது. நானே அடித்த ஏழாவது வரியில் ஒரே தாவு.

“டேப் அடிச்சிருக்கிய அண்ணாச்சி.”

இருபது வருடமாகச் சரக்குப் பட்டியல் அடித்த விரல். அடுத்த கட்டத்துக்குப் போக டேப். அதற்கு வேறு வழி தெரியாது. அந்த டேப்பை என் திரை நாலு இடமாகக் காட்டியது. மொழி எட்டாக எண்ணியது. அவள் டேப்பை அழித்து நாலு தடவை ஸ்பேஸ் தட்டினாள். ஓடியது.

மேனேஜர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த ஸ்கேலைப் பார்த்தார். ஏசி நாற்காலி ஜெனிட்டாவுக்குப் போனது. அடுத்த ஆறு மாதம் எனக்கு எடைமேடை.

போன மாதம் மச்சினன் மகள் கல்யாணத்தில் எல்லாரும் மேடையில் போட்டோவுக்கு நின்றோம். என் மனைவி மெர்சி வரிசையின் அந்தக் கோடியிலிருந்தே கத்தினாள்: “ஏங்க, ரெண்டு ஸ்பேஸ் இங்கன தள்ளி நில்லுங்க. டேப் அடிச்சு பந்திக்குப் போயிராதீய.”

மாப்பிள்ளை வீட்டார்வரைக்கும் சிரித்தார்கள். அவர்களுக்கும் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.