உப்பண்ணையும் ஏழாம் சோடியும்

ஜேர்மனியில் பனிச்சறுக்குப் பலகைக்கு உப்புச் சுற்றி நாவூறு கழித்த ஒரே மனிதர் உப்பண்ணைதான். வேறு யாராவது இருந்ததாக நீங்கள் நிரூபித்தால் என் மீசையை எடுத்துவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கறுப்புக் காட்டுப் பக்கம், மலையடிவாரத்தில் ஒரு வாடகைக் கடை. இரண்டு பருவம் அந்த மலையில் பனி அள்ளியபோது சறுக்கப் பழகியிருந்ததால் எனக்கு அங்கே ஒரு மாதச் சோதனை வேலை கிடைத்தது. மாதம் நல்லபடி முடிந்தால் நிரந்தர ஒப்பந்தம். ஒப்பந்தம் கையில் இருந்தால்தான் யாழ்ப்பாணத்தில் இருந்த என் மனைவியைக் கூப்பிட அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், போடலாம். ஆகவே முதலாளி தும்மினால்கூட நான் கைக்குட்டையோடு நின்றேன்.

அந்தப் பலகையை ஜேர்மன்காரர் ‘ஷீ’ என்பார்கள், நாங்களும் அப்படியே. இடுப்பு ஒடுங்கிய புது வடிவம் அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தது. வாங்குவதற்கு முன் சனம் போட்டுப் பார்க்கட்டும் என்று பத்துச் சோடி டெஸ்ட் ஷீ கடைக்கு வந்திருந்தது. காலையில் பனி சீமெந்துத் தரை போல இறுகிக் கிடக்கும். மதியம் கூழாகிவிடும். மரநிழலில் இரண்டும் கலந்து காலை வாரும். இத்தனையிலும் ஒவ்வொரு சோடியும் எப்படிப் போகிறது என்று எழுதிக்கொடுப்பது என் வேலை. மெழுகு பூசி விளிம்பு தீட்டுவது உப்பண்ணையின் வேலை.

அவருக்கு ஐம்பது வயதிருக்கும். வாழ்நாளில் ஷீயில் ஏறாதவர். தீட்டி முடித்ததும் பலகையைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக் கேட்பார்.

“என்ன அண்ணை கேக்குது?”

“முதல் போட்டவன்ரை பயம். பத்துப் பேர் ஏறின சாமான் தம்பி. எல்லாற்றை பயமும் இதிலை ஊறிக் கிடக்கு.”

சிரித்தேன். ஆனால் ஒரு காலையில் பட்டறையைத் திறந்தபோது, முதல் நாள் நானே சுவரைப் பார்த்துச் சாய்த்து வைத்த ஏழாம் சோடி கதவைப் பார்த்து நின்றது.

“நீங்களோ திருப்பினது?”

“இல்லை. நீயோ?”

“இல்லை.”

“அப்ப பேசாமல் வேலையைப் பார்.”

அன்றிலிருந்து நான் அந்தச் சோடிக்கு முதுகைக் காட்டவில்லை. தீட்டிய ஒவ்வொரு சோடிக்கும் உப்புச் சுற்றும் உப்பண்ணை அதற்கு மட்டும் இரட்டிப்பாகச் சுற்றினார். ஊரில் சுற்றிய உப்பை அடுப்பில் போடுவோம், இல்லாவிட்டால் முச்சந்தியில் கொட்டுவோம். கடையில் அடுப்பில்லை. மலையில் முச்சந்தி இருந்தது. மூன்று சறுக்குப் பாதைகள் சேரும் இடம். தினமும் பின்னேரம் அங்கே ஏறி, கூழ்ப்பனியில் உப்பைக் கொட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்குவார்.

அந்த வாரத்திலிருந்து ஆட்கள் விழத் தொடங்கினார்கள். எல்லாரும் அதே முச்சந்தியில். பாதிப்பேர் ஏழாம் சோடியில் வந்தவர்கள். ஒருவர் விழ விழ உப்பண்ணை ஒரு பைக்கற் உப்பைக் கூட்டினார்.

முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. “நாளைக் காலை நீ ஏழாம் சோடியில் மேலிருந்து கீழ்வரை வா. அது நல்லதா கெட்டதா என்று எழுது. பத்திரமாகக் கொண்டுவா. பிறகு ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசலாம்” என்றார்.

“போகாதை தம்பி. அதிலை ஆள் நிக்குது” என்றார் உப்பண்ணை.

“போகாட்டி மனிசியைக் கூப்பிட ஏலாது அண்ணை.”

அவர் தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை மலையை மூடுபனிப் புகார் மூடியிருந்தது. என் ஷீயின் நுனியே எனக்குத் தெரியவில்லை. இறுகிய பனியில் விளிம்பு ‘கர்ர்’ என்று கீறியது. சோடி நன்றாகத்தான் போனது. பத்துத் திருப்பம் இறங்கியிருப்பேன். பின்னால் இன்னொரு ‘கர்ர்’ கேட்டது. நின்றேன், அதுவும் நின்றது. புறப்பட்டேன், அதுவும் புறப்பட்டது. லிப்ட் இன்னும் திறக்கவில்லை, நானே ஷீயைத் தோளில் சுமந்து நடந்துதான் ஏறியிருந்தேன், மலையில் வேறு யாரும் இருக்க முடியாது. தெரிந்த தேவாரத்தை எல்லாம் வரிசை மாறிச் சொல்லிக்கொண்டு பாய்ந்தேன்.

முச்சந்தியில் கால் இரண்டும் வானத்தைப் பார்த்தன. ஒரு ஷீ கழன்று புகாருக்குள் தனியாகப் போனது. மனைவி, ஒப்பந்தம், அன்ட்ராக் எல்லாம் அதோடு சறுக்கிப் போவதைப் படுத்தபடி பார்த்தேன். சத்தம் நெருங்கியது.

“பயப்பிடாதை. நான்தான்.”

உப்பண்ணை. இரண்டு ஷீயைச் சேர்த்துக் கட்டி, மேலே குந்தி, இரண்டு குதிக்காலாலும் பனியைக் கீறிக்கொண்டு வந்து என்மேல் மோதி நின்றார். மடியில் உப்புப் பைக்கற்.

“உன்னைத் தனிய விட ஏலுமோ?” என்றார். எனக்கு அழுகை வந்தது.

அப்போது மேலேயிருந்து ‘கர்ர்’ என்று கேட்டது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“ஆடாதை. போக விடு.”

அது எங்களுக்கு ஒரு முழம் தள்ளி, கண்ணில் படாமல், முச்சந்தியைக் கடந்து கீழே இறங்கிப் போனது. இருவரும் மூச்சு விடவில்லை.

“அது விழேல்லை, பாத்தியே” என்றார் மெதுவாக.

புகார் விலகியதும் முதலாளி ஏறி வந்தார். சப்பாத்தால் உறைபனியை உடைத்து, ஒரு துண்டை நாக்கில் வைத்தார். முகம் சிவந்தது. கூழ்ப்பனியில் உப்புப் போட்டால் அது பாறையாக இறுகும் என்பது அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியுமாம். பந்தயத்துக்கு முன் அப்படித்தான் செய்வார்களாம். எங்கள் இருவருக்கும்தான் தெரியாது.

“உப்புப் போட்டது யார்? மற்ற ஷீ எங்கே?”

நான் வாயைத் திறந்தேன். உப்பண்ணை என் காலை மிதித்தார்.

“உப்பு நான். தொலைத்ததும் நான். தம்பி நன்றாக ஓடினான்” என்று தன் உடைந்த ஜேர்மனில் சொன்னார். அந்த இடத்திலேயே அவர் வேலை போனது. நான் பேசாமல் நின்றேன். அந்த வெட்கம் இன்னும் தீரவில்லை.

பஸ் தரிப்பில் அவரிடம் கேட்டேன். “ஏன் அண்ணை அப்பிடிச் சொன்னனீங்கள்?”

“உனக்குக் கூப்பிட ஆளிருக்கு. எனக்கு ஒருத்தரும் இல்லை.”

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். தொலைந்த ஷீ பனி உருகிய பிறகும் அகப்படவில்லை.

என் மனைவி அடுத்த வருடம் வந்தாள். உப்பண்ணையின் சொந்தப் பெயரை நான் கேட்டு வைக்காததால் எந்தத் தொலைபேசிப் புத்தகத்திலும் தேட வழியில்லை. இன்றும் எங்கள் வீட்டு வாசல்மணி எதிர்பாராமல் அடித்தால், அவரை ஒருநாளும் கண்டிராத அவள், தேத்தண்ணிக்குக் கேத்திலை வைத்துவிட்டுத்தான் கதவைத் திறக்கப் போகிறாள்.