ரகசியச் சாவியை மாறி மாறி வாசித்த விவரம்

தண்டலம்

கர்த்தருக்குள் அன்பான மச்சான் ராஜாமணி அவர்களுக்கு ஜெபதாஸ் ஸ்தோத்திரத்துடன் எழுதுவது. நானும் உங்கள் தங்கை அன்னபுஷ்பமும் சுகம். உங்கள் சுகத்துக்கும், முக்கியமாக உங்கள் பிரஷருக்கும் ஜெபிக்கிறோம். போன ஞாயிறு உங்கள் ஊர்க் கோயிலில் நம் இளைய மகள் ஷெர்லினின் கல்யாண ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிக்கப்படாததால் மாப்பிள்ளை வீட்டார் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்களாம். வருகிற ஞாயிறும் தவறினால் கல்யாணம் நடத்தாத லெந்து நாட்கள் வந்துவிடும், அப்புறம் ஈஸ்டர் கழித்துத்தான் கல்யாணம். இதில் என் தவறு எதுவும் இல்லை என்று சொல்லவே எழுதுகிறேன்.

எங்கள் சபையின் பெயரில் போலிக் கடிதம் வராமலிருக்க மூத்த மருமகன் டெனிசன் ஒரு சாப்ட்வேர் செய்து கொடுத்தார். சபைச் செயலாளரான நான் என் ரகசியச் சாவியை அதில் ஏற்றினால் கம்ப்யூட்டரே கையெழுத்துப் போடும்; அந்தக் கையெழுத்து இல்லாமல் ஓலைக் கடிதம் உங்கள் போதகருக்குப் போகாது. சாவி என்றால் இரும்பு இல்லை, பக்கம் நிறைய ஆங்கில எழுத்தும் எண்ணும். "யார்கிட்டயும் காட்டாதீங்க மாமா, அத்தைகிட்டகூட" என்றார். ஏற்றினேன். 'சாவி செல்லாது' என்றது. இருங்காட்டுக்கோட்டைக் கம்பெனியில் ஆயுள் முழுக்க உதிரிபாகங்களைச் செல்லும், செல்லாது என்று பிரித்துப்போட்டவன் நான். என்னையே ரிஜெக்ட் பண்ண இது யார்? எங்கள் லைனில் ஒருவர் பார்த்தால் போதாது, இரண்டாவது ஆளும் பார்க்க வேண்டும். அதனால் அன்னபுஷ்பத்தை உட்காரவைத்து, கோயிலில் சங்கீதம் வாசிப்பதுபோல ஒரு வரி நான், ஒரு வரி அவள் என்று காலையும் மாலையும் உரக்க வாசித்தோம். மாடியில் குடியிருக்கும் பேச்சிராஜ், நைட் ஷிப்ட் பையன், ஜன்னல் வழியாகக் கத்தினான்: "அண்ணாச்சி, மூணாவது வரில பெரிய கியூ எழுத்துல்லா? காலைல அப்படித்தான வாசிச்சிய!" ரகசியம் இவனுக்கு எப்படித் தெரிந்தது? அன்றிலிருந்து அவன்மேல் எனக்கு ஒரு கண். எழுத்து பொடியாக இருக்கிறதே என்று ஸ்ரீபெரும்புதூரில் ஜெராக்ஸ் போட்டுப் பெரிதாக்கினேன். கடைக்காரர், "இன்னா சார், மந்திரமா? நானும் ஒண்ணு எட்த்துக்கறேன், யாவாரம் டல்லா கீது" என்றார். மந்திரமில்லை, ரகசியம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுத்தான் ஒரு காப்பி கொடுத்தேன்.

கடைசியில் டெனிசன் நேரில் வந்தார். "மாமா, மேல இன்னா இது?" என்றார். 'இயேசுவே துணை' என்று எழுதாமல் நான் எந்தக் காகிதத்தையும் தொட்டதில்லை, சாவிக்கும் முதல் வரியாக அதைத் தட்டியிருந்தேன். அதனால்தான் செல்லவில்லையாம்! ஆண்டவர் பெயரைக் கண்டு மிரளும் சாப்ட்வேரை யார் செய்தது என்று கேட்டேன். அதை விட்டுவிட்டு, சாவியை வேறு யாரெல்லாம் பார்த்தார்கள் என்றார். மறைக்காமல் சொன்னேன். தலையில் கையை வைத்துக்கொண்டார். "அடுத்தவன் கண்ணுல பட்டா அந்தச் சாவி செத்துப்போச்சு மாமா. அதுல போட்ட கையெழுத்தெல்லாம் குப்பை."

பிறகு புதுச் சாவி செய்து கொடுத்தார். 'செல்லும்' என்றது. ஷெர்லின் அழுகையை நிறுத்தினாள், எனக்கும் கண் கலங்கிவிட்டது. ஓலைக்கான கடிதம் அந்தக் கையெழுத்தோடு உங்கள் போதகருக்குப் போய்விட்டது. மாப்பிள்ளை வீட்டாரிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. ஆண்டவர் உங்கள் வீட்டில் சமாதானம் தங்கியிருக்கச் செய்வாராக.

இப்படிக்கு,
உங்கள் மச்சான் ஜெபதாஸ்

பி.கு.: கம்ப்யூட்டர் தன் சாவியைத் தானே 'செல்லும்' என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு நம்பிக்கையில்லை. ஆகவே புதுச் சாவியை முழுவதுமாகக் கீழே எழுதியிருக்கிறேன். நீங்களும் மாப்பிள்ளையின் அப்பாவும் உங்கள் போதகரும் ஞாயிறு ஆராதனைக்கு முன்பே ஒருமுறை பார்த்துச் சொல்லிவிடுங்கள். பெரிய எம், பெரிய ஐ, மறுபடியும் பெரிய ஐ, பெரிய ஈ, சின்ன வி...