பெயரை எடுக்க மாட்டேன்

பெரம்பலூர்
11.6.2006

அன்புள்ள அன்சார் அண்ணனுக்கு, தங்கை நஃபீசா ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். ஷார்ஜாவில் உங்கள் சுகத்துக்கும் துஆச் செய்கிறேன். போனில் சொன்னால் நடுவில் சிரித்துவிடுவீர்கள் என்பதால் கம்ப்யூட்டரில் அடித்தே அனுப்புகிறேன்.

நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு எங்கள் கூடத்தில் இருந்தவர்கள்: நலச் சங்கச் செயலாளர் ரஹ்மத்துல்லா மாமா, அவர் சாட்சிக்குக் கூட்டி வந்த இரண்டு பேர், என் மாமியார், கதவோரம் நான். ஆக ஐந்து பேர். அதில் என் பக்கம் நான் மட்டும்.

போன லீவில் சங்கத்து வெப்சைட்டை என் தலையில் கட்டும்போது, "சின்னச் சின்ன மாத்தந்தாம்மா, சோறு வேவுற நேரத்துல முடிச்சிடலாம்" என்றீர்கள். முதல் மாதம் தொழுகை நேரத்தைத் திருத்தினேன். எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகிப் போனது. இரண்டு நாள் சோறு வேகவே இல்லை. அதையும் நானே சரி செய்தேன், யாரையும் கேட்கவில்லை. மாற்றியது ஒவ்வொன்றையும் தேதி போட்டு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

பிறகு ஒரு வஃபாத் செய்தி வந்தது. நீங்கள் போட்டிருந்த மாதிரியே அடித்தேன்: "மர்ஹூம் கமாலுத்தீன் அவர்களின் மருமகளும், காதர் மைதீன் அவர்களின் மனைவியும் ஆனவர் வஃபாத்தானார்." காதர் மைதீனுக்கு மனைவிமார் இரண்டு பேர் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், வெப்சைட்டுக்குத் தெரியாது. இறந்தவர் மூத்தவர். குவைத்திலிருந்து அழுதுகொண்டே விமானம் ஏறியவனோ இளையவர் சபுரா பீவியின் மகன். அந்தம்மா நேராக இங்கே வந்துவிட்டார்.

"ஏண்டி நஃபீசா, நாலு வருசமா ஒரு பெருநாளைக்கும் வராத பய, நான் மவுத்துன்னதும் ஓடியாந்துட்டான். இப்ப உசுரோட இருக்கேன்னு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கான். லீவு வீணாப் போச்சாம்!"

இறந்தவர் பெயரே இல்லாமல் என்ன சாவுச் செய்தி அண்ணா? அன்றே "ஜெமீலா பீவி" என்று சேர்த்தேன். பழைய செய்திகளில் பெயரில்லாமல் கிடந்த முப்பத்தொரு பெண்களுக்கும் வீடு வீடாக விசாரித்துப் போட்டேன். ஒரு வீட்டில் பெற்ற மகனே தலையைச் சொறிந்தான். "அம்மான்னுதானே கூப்புடுவோம்" என்று சொல்லிவிட்டு ரேஷன் கார்டைத் தேடினான்.

இதுதான் என் குற்றம். மாமா ஆரம்பித்தார்: "பொம்பளைங்க பேர ஒலகமே பாக்குற எடத்துல போட்டு வச்சிருக்கே. நாளைக்குள்ள எடுத்துடு. இல்லாட்டி பாஸ்வேர்டக் குடு."

"மர்யம் அலைஹிஸ்ஸலாம் பேருல குர்ஆன்ல ஒரு சூராவே இருக்கே மாமா. அந்தப் பேரு ஒலகத்துக்குத் தெரியலாம்னா, இவங்க பேரு தெரியக் கூடாதா?"

சாட்சிகளில் ஒருவர் டீ டம்ளருக்குள் இருமினார். மாமியார் "வாயப் பாரு" என்று அதட்டினார். ஆனால் உள்ளே வந்ததும், "என் காலம் வந்தா ரஹ்மத் பீவின்னு முழுசாப் போடு, பாதியில நிறுத்திடாதே" என்றார்.

"பாஸ்வேர்ட அன்சார்கிட்டயே வாங்கிக்கிறேன்" என்று மாமா செருப்பை மாட்டினார்.

அண்ணா, வெள்ளிக்கிழமை அவர் போன் செய்வார். கொடுக்காதீர்கள். கொடுத்தால் முப்பத்திரண்டு பேரும் மறுபடி யாரோ ஒருவரின் மனைவி ஆகிவிடுவார்கள். ஒரு பெயரைக்கூட நான் எடுக்கப் போவதில்லை. வேலை எல்லாம் எனக்கு அத்துப்படி. உங்கள் ஒத்தாசைகூட வேண்டாம், வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

அண்ணிக்கும் பிள்ளை அஃப்ஷானுக்கும் ஸலாம். அல்லாஹ் உங்கள் சம்பாத்தியத்தில் பரக்கத்தையும், மாமாவிடம் முடியாது என்று சொல்ல உங்கள் நாவுக்குப் பலத்தையும் தருவானாக. ஆமீன்.

பி.கு.: இதை அனுப்புவதற்குள் மாமா வந்துவிட்டார். சாட்சி இல்லை, தனியாக. சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். "எங்கம்மா மவுத்தானப்ப இந்த வெப்சைட்டே கெடையாது. இருந்தாலும் சேத்துடும்மா. ஆமினா பீவி." சேர்த்தேன். கடைசியில் எதை அழுத்தினேனோ, வஃபாத் பக்கம் மொத்தமும் காணோம். திரும்ப உள்ளே போகலாம் என்றால், எதை அடித்தாலும் பாஸ்வேர்டு தப்பு என்கிறது. அம்மா பெயரைக் கண்ணால் பார்க்காமல் எழுந்திருக்க மாட்டேன் என்று மாமா கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். எங்கள் போன் லைனும் இன்டர்நெட்டுக்காகக் கம்ப்யூட்டரில் மாட்டியிருக்கிறது. மாமாவின் செல்லுக்கே கூப்பிட்டுப் பாஸ்வேர்டைச் சொன்னாலும் சரிதான். சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.