பெர்மிட் மூக்கு

உலக மருத்துவ வரலாற்றை இரண்டாகப் பிரிக்கலாம்: சித்தூரில் எங்கள் கமிட்டி அமைவதற்கு முன், அமைந்த பின். 'புற்றுநோய்த் தடுப்பு மற்றும் விளையாட்டு வீரர் ஒழுக்கப் பராமரிப்புக் கமிட்டி' என்ற அதன் பெயரை ஒரே மூச்சில் சொல்லக்கூடியவன் சடுகுடுவில் தோற்கவே மாட்டான். நான் அதன் காரியதரிசி.

தலைவர் ஆதிநாராயணன், ஓய்வுபெற்ற டிப்டி தாசில்தார். "மதுவும் புகையிலையும் புற்றுநோய்க்கு நாம் வைக்கும் வெற்றிலை பாக்கு!" என்று மேடையில் முழங்குவார். முழங்குவதற்கு வசதியாக, அவர் வாயிலுள்ள புகையிலையைத் துப்பப் படிக்கம் நீட்டுவது என் பொறுப்பு.

1960 பொங்கல். எல்லைத் தகராறு தீர்ந்து, திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குப் போவதென்று முடிவாகிவிட்ட சமயம். போகிறவர்களைச் சடுகுடுவில் ஒருதரம் மண்ணைக் கவ்வவைத்து அனுப்ப வேண்டுமென்று சித்தூர் தீர்மானித்தது. ஆட்டம் பார்க்கச் சர்க்கரை ஆலை மானேஜர் வருகிறார். மூச்சு விடாமல் எதிர்ப்பக்கம் நன்றாகப் பாடிப்போகிறவனுக்கு ஆலையில் வேலை என்று வாக்குக் கொடுத்திருந்தார். எங்கள் கோவர்த்தனனுக்கு நிலம் கிடையாது, படிப்பு கிடையாது, மூச்சு உண்டு. அந்த வேலை அவனுக்குத்தான் என்று ஊரே சொன்னது.

கமிட்டி அவசரமாகக் கூடியது. குடித்தவன் மூச்சு பாதியில் அறுந்துவிடும். ஆகவே ஆட்டத்துக்கு முன் ஒவ்வொருவனும் ஊதிக் காட்ட வேண்டும். சரி, முகர்வது யார்? மதுவிலக்கு அமலிலுள்ள ஜில்லாவில், சாராய வாசனை எனக்குத் தெரியும் என்று எவன் ஒப்புக்கொள்வான்? எப்படித் தெரியும் என்று போலீஸ் கேட்குமே! சட்டப்படி தெரிந்தவர் ஒருவரே: தூக்கமில்லை என்று டாக்டர் சர்டிபிகேட் வாங்கி, சர்க்கார் பெர்மிட்டில் பிராந்தி அருந்தும் எங்கள் தலைவர். ஏகமனதாக அவரையே 'மூக்கு அதிகாரி' ஆக்கினோம்.

ஆட்டத்தன்று தலைவருக்குப் பகலிலும் தூக்கமில்லை போலும். மருந்து சாப்பிட்டுவிட்டே மைதானத்துக்கு வந்தார்.

முதலில் எங்கள் ஆட்டக்காரர்கள் கன்னையாவும் ரங்கையாவும். இருவரும் கார்வேட்டிநகரத்து மலையடிவாரச் சரக்கோடு பொங்கலைக் கொண்டாடிவிட்டு நேரே வந்தவர்கள். ஆனால் ஆளுக்கு ஒரு கை கொய்யா இலை மென்றிருந்தார்கள்.

"ஊது... ஆஹா, தோட்ட வாசனை! சுத்தம்!"

கோவர்த்தனன் எதையும் மெல்லவில்லை. ஊதினான். தலைவர் நெருங்கிக் குனிந்து, ஆழமாக முகர்ந்து, துள்ளிப் பின்வாங்கினார்.

"பிராந்தி! அதுவும் உயர்ந்த பிராந்தி!"

"ஐயா, காலைலேர்ந்து ரெண்டு உருண்டை களி துன்னதோட சரி. வேற ஒண்ணும் தொடல."

"டேய் கோவர்த்தனா," என்றான் கன்னையா, "ஒண்டியா குட்சிக்கினு வந்திருக்கியே, எங்களையும் இட்டுக்கினு போயிருக்கலாமில்ல?"

கோவர்த்தனன் மனைவி செங்கம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"இன்னா ஐயா அநியாயம்! கண்ணாலத்துல எங்க நைனா ஊத்திக் குடுத்ததையே தொடாத மனுசன். ஆல வேலைய நம்பிக்கினு கீறோம். நான் ஊதறேன், பாருங்க!"

ஊதினாள்.

"இவளும்!" என்றார் தலைவர்.

குடிதண்ணீர்ப் பானையை முகர்ந்தார். "இதிலும்!" பானை கவிழ்க்கப்பட்டது. ரெஃபரியின் விசிலை முகர்ந்தார். விசிலும் குடித்திருந்தது.

"எல்லாத்துலயும் ஒரே வாசன வருதுன்னா," என்றாள் செங்கம்மா, "அது யார்கிட்டேர்ந்து வருதுன்னு பாக்க மாட்டீங்களா?"

"ஏமம்மா," என்று தெலுங்கில் தொடங்கினார் தலைவர், "சர்க்கார் பெர்மிட்டை அவமதிக்கிறாயா?"

கோவர்த்தனன் நீக்கப்பட்டான். நான் நோட்டில் பதிவு செய்தேன்.

கன்னையா பாடிப்போனான். நடுக்கோடு தாண்டியதும் மூச்சு அறுந்து, பிடிக்க வந்தவன் தோளிலேயே சாய்ந்து தூங்கிவிட்டான். ரங்கையா வீராவேசமாகத் திரும்பி வந்து எங்கள் ஆட்களையே தொட்டான். ஆட்டம் திருத்தணிக்கு. ஆலை வேலையும் ஒரு திருத்தணிப் பையனுக்கு.

"ஒழுக்கத்தை விட்டுக்கொடுக்காமல் தோற்றோம்!" என்று தலைவர் முழங்கினார். படிக்கம் நீட்டினேன்.

கலைகிற கூட்டத்தில் கோவர்த்தனன் என்னிடம் வந்தான்.

"அவரு பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தீங்களே சாமி. உங்களுக்கு வாசன தெரியல?"

தெரிந்தது. எனக்கும் தூக்கமில்லை என்று நான் எழுதிய பெர்மிட் மனு, சிபாரிசுக் கையெழுத்துக்காகத் தலைவர் சட்டைப்பையில் இருந்தது.