பத்து வந்தால் பேசலாம்

மரியாதைக்குரிய சித்தப்பாவுக்கு,

உங்கள் அண்ணனின் சின்ன மகள் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். இந்த வரியை நான் வழக்கத்துக்காக எழுதவில்லை சித்தப்பா. எழுதிவிட்டு எழுந்து போய், அப்பா நாற்காலியில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருப்பதை என் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வரிக்கு வந்திருக்கிறேன். நீங்களும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். சித்தியின் முழங்கால் வலி குறைந்திருக்க வேண்டும்.

நேற்று உங்களுக்கு மூன்று போன் வந்ததாமே. அத்தை போன் பண்ணி அப்பாவுக்கு மாரடைப்பு என்றாளாம். எதிர்வீட்டுக்காரர் போன் பண்ணி கார் விபத்து என்றாராம். அம்மாவே போன் பண்ணி, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, மாப்ளன்னு சொல்லிட்டாரு" என்று விக்கி விக்கி அழுதாளாம். "யாராவது ஒருத்தர் முதல்ல இருந்து ஒழுங்கா எழுதி அனுப்புங்க!" என்று நீங்கள் கத்தினது அம்மா காதில் இருந்த போனிலிருந்து அடுப்படி வரை கேட்டது. போனில் எனக்கு வாய் வராது என்பது உங்களுக்குத் தெரியும். படிப்பை நிறுத்தியதும் தையல் கடையில் என்னைக் காஜா எடுக்க உட்கார்த்தி வைத்ததே, அங்கே யாரிடமும் பேச வேண்டியதில்லை என்பதால்தான். ஆனால் எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். ஆகவே முதலில் இதைப் படித்து மூச்சு விடுங்கள்: மாரடைப்பு இல்லை, விபத்து இல்லை, நீங்கள் கொண்டுவந்த சம்பந்தமும் கெடவில்லை. எல்லாவற்றுக்கும் காரணம் பெட்ரோல்.

அப்பாவைப் பற்றி உங்களுக்குத் தெரியாததா? பஸ் டிப்போவில் டீசல் போடும் இடத்தில் உட்கார்ந்தே தலை நரைத்தவர். எந்த டிரைவர் எத்தனை லிட்டரில் எவ்வளவு தூரம் ஓட்டினான் என்பதை வைத்தே அவன் கோபக்காரனா, பொறுப்பானவனா, பொண்டாட்டியிடம் அடி வாங்குகிறவனா என்றெல்லாம் சொல்லிவிடுவார். "மூஞ்சி நடிக்கும். கால் நடிக்காது" என்பார். ஓய்வு பெற்ற பிறகு பார்ப்பதற்கு வேறு கால் கிடைக்காமல், வீட்டில் நான் தையல் மிஷின் மிதிப்பதைப் பார்த்து, "ரொம்ப அழுத்தறே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இப்படிப்பட்டவர் வீட்டு வாசலில்தான் நீங்கள் சொன்ன பையன் சனிக்கிழமை அந்தக் காரில் வந்து இறங்கினார்.

பல்செட் செய்கிறவர், அமைதியானவர், கை நடுங்காது என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அதெல்லாம் சரிதான். ஆனால் அவர் டர்போ வண்டி வைத்திருக்கிறார் என்று ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா சித்தப்பா? யாரோ வைத்திருந்ததைப் பழசாக வாங்கியதாம். சிவப்பு நிறம், தரையோடு தரையாக உயரம், பின்னால் இரண்டு புகைக்குழாய். வண்டியை நிறுத்தியபோது எதிர்வீட்டு நாய் எழுந்து இடம் மாறிப் படுத்தது. அப்பா வாசலிலேயே நின்று, வாங்க என்று சொல்வதற்கு முன்னால், "என்ன குடுக்குது?" என்றார்.

"கம்பெனியில லிட்டருக்குப் பதினாறு சொல்றாங்க மாமா."

"கம்பெனியை நான் கேக்கல தம்பி. உங்களைக் கேக்கறேன்."

அவர் தன் செருப்பைப் பார்த்தார். பிறகு உண்மையைச் சொன்னார். "டவுனுக்குள்ள... ஏழரை."

அந்த எண்ணைக் கேட்டதும் அம்மா கதவைப் பிடித்துக்கொண்டாள். எனக்குப் பக்கத்தில் நின்ற அக்கா என் முழங்கையைக் கிள்ளினாள். முந்தின நாள்தான் பாத்திரம் கழுவும்போது, "போட்டோவுலயே பிடிச்சிருக்குடி, அப்பா எதையாவது கேட்டுக் கெடுத்துடக் கூடாது" என்று சொன்னாள். அப்பா கேட்டேவிட்டார்.

உள்ளே வந்து உட்கார்ந்த பிறகும் வேறு பேச்சில்லை. அவருடைய பெற்றோரைப் பற்றி அப்பா கேட்கவில்லை, வேலையைப் பற்றிக் கேட்கவில்லை. அவரும் பொறுமையாகச் சொன்னார். "மெதுவா மிதிச்சா டர்போ தூங்கிட்டிருக்கும் மாமா, சாதா வண்டி மாதிரிதான் குடிக்கும். அழுத்தினா எழுந்துக்கும், அப்பதான் ஊத்தும். அதுவும் நான் வேலைக்குப் போறது கிட்டத்துல. இன்ஜின் சூடாகறதுக்குள்ள இறங்கிடறேன். நாலு சிக்னல் வேற."

"அப்ப தூங்க வெச்சே ஓட்டலாமே?"

"ஓட்டலாம் மாமா. இந்த வண்டியை யாரும் அப்படி ஓட்டினதில்ல."

"கை மெதுவா இருந்து என்ன பண்றது?" என்று அப்பா கூரையைப் பார்த்துச் சொன்னார். "கால் மெதுவா இருக்கணும்." பிறகு டம்ளரைக் கீழே வைத்துத் தீர்ப்பு சொன்னார். மறுநாள் காலையில் குடும்பத்தோடு அத்தை வீட்டுக்குப் போவது. ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி. வண்டியில் ஒரு லிட்டருக்கு எவ்வளவு என்று காட்டும் திரையைப் பூஜ்யத்தில் வைத்துக் கிளம்புவது. "போய்ச் சேரும்போது பத்து வந்தா மேல பேசலாம். வரலன்னா, வந்ததுக்கு சந்தோஷம் தம்பி." அக்கா அன்று இரவு சாப்பிடவே இல்லை. அப்பா நன்றாகச் சாப்பிட்டார். அடுத்த வேளை சாப்பிடப் போவதில்லை என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

காலையில் அவர் வந்ததும் அப்பா வண்டியின் பின்பக்கத்தைத் திறந்து, மாற்றுச் சக்கரம், ஜாக்கி, ஒரு குடை, மிதியடிகள் எல்லாவற்றையும் எடுத்து வாசலில் வைத்தார். எடை குறையட்டுமாம். பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்தார். அம்மா, "என்னையும் இறக்கி வெச்சிட்டுப் போங்களேன்" என்றாள். அப்பா ஒரு நிமிஷம் அதை யோசித்தார் என்பதுதான் அம்மாவுக்கு இன்னும் ஆறவில்லை. அப்பா முன்னால் உட்கார்ந்துகொண்டார். பின்னால் நாங்கள் மூன்று பேர். அது உட்காருகிற இடமில்லை சித்தப்பா, மடித்து வைக்கிற இடம். என் முழங்கால் என் தாடைக்கு வந்துவிட்டது. ஏசி கூடாது என்றார் அப்பா. கண்ணாடியைத் திறந்தால் காற்று உள்ளே புகுந்து வண்டியைப் பிடித்து இழுக்கும், அதுவும் கூடாது என்றார். "இந்த வேகத்துல காத்து ஒண்ணும் பண்ணாது மாமா" என்று அவர் சொல்லிப் பார்த்தார். "பத்து வேணுமா வேணாமா?" என்றார் அப்பா. கண்ணாடிகள் ஏறின. அவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு வண்டியை எடுத்தார். அதைப் பார்த்ததும் அப்பா முகத்தில் முதல்முறையாக ஒரு திருப்தி வந்தது.

எப்படிப் போனோம் என்று எப்படி எழுதுவேன்? ஊர்வலத்தில் போவது போலப் போனோம். முன்னால் சிக்னல் சிவப்பாவது தெரிந்தால் இங்கேயே காலை எடுத்துவிட்டு, பிரேக்கைத் தொடாமல், அது பச்சையாகும் வரைக்கும் உருண்டு உருண்டு போனோம். பின்னால் ஹாரன் சத்தம் நிற்கவே இல்லை. தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துத் தள்ளிக்கொண்டு போன ஒரு அம்மா எங்களைத் தாண்டிப் போனாள், போகும்போது உள்ளே குனிந்து பார்த்தாள். ஒரு பையன் "பெருசு, தள்ளி விடட்டுமா?" என்று கேட்டுவிட்டு ஓடினான். அப்பாவுக்கு எதுவும் காதில் விழவில்லை. பஸ்ஸில் நிறுத்தம் வரும்போது கண்டக்டர் சொல்வது போல, திரையில் எண் மாற மாற உரக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். "ஏழு புள்ளி எட்டு... எட்டு புள்ளி ரெண்டு... எட்டு புள்ளி ஏழு..." ஒவ்வொன்றுக்கும் அக்கா என் கையை இறுக்கினாள். இரத்தம் ஓடாமல் விரல் மரத்துவிட்டது.

நடுவில் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "என்ன, வண்டி மக்கர் பண்ணுதா?"

"இல்ல சார், நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் ஏன் இப்படி?"

அப்பா குனிந்து எட்டிப் பார்த்து, "பொண்ணு விஷயம் சார்" என்றார். போலீஸ்காரர் வேர்த்து வழியும் எங்கள் ஐந்து பேரையும் ஒருமுறை பார்த்தார். "போங்க, போங்க" என்று வழிவிட்டார். அவரிடம் பேசுவதற்காக இறக்கின கண்ணாடி வழியாகக் கொஞ்சம் காற்று வந்தது. அந்தக் காற்றுக்காக அந்த மனிதர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும். "நிறுத்தி எடுத்ததுல புள்ளி ஒண்ணு போச்சு" என்றார் அப்பா.

பாலத்து இறக்கத்தில்தான் நடந்தது. அத்தை வீட்டுக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். ஒன்பது புள்ளி ஆறு என்றார். ஒன்பது புள்ளி எட்டு என்றார். பிறகு ஒன்பது புள்ளி ஒன்பது ஆனது. அப்பா சொல்லவில்லை.

நான் எட்டிப் பார்த்தேன். அப்பாவின் காதோரம் வேர்வை சொட்டியது. பக்கவாட்டுக் கண்ணாடியில் அவர் முகம் சாம்பல் பூசினது போல இருந்தது. வலது கையால் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் நான் பார்ப்பதை அவரும் பார்த்துவிட்டார். சொல்லாதே என்பது போலத் தலையை ஆட்டினார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது சித்தப்பா. அந்தப் பத்து வந்துவிட வேண்டும் என்று எங்கள் எல்லோரையும்விட அதிகமாகத் தவித்தது அப்பாதான். அவருக்கு அந்தப் பையனைப் பிடித்துவிட்டது. வாயால் சொல்ல வராமல் அந்தத் திரை சொல்லட்டும் என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவரிடம் நான் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. டம்ளரை நீட்டும்போதுகூடச் சுவரைப் பார்த்துத்தான் நீட்டினேன். ஆனால் கத்திவிட்டேன். "அப்பாவுக்கு என்னமோ ஆவுது! மிதிங்க! ஆஸ்பத்திரிக்கு மிதிங்க!" வண்டிக்குள் வேறு யாரோ இருப்பதாக நினைத்ததாக அக்கா பிறகு சொன்னாள்.

அவர் ஒருமுறைதான் திரும்பிப் பார்த்தார். அடுத்த நொடி வண்டியின் வயிற்றிலிருந்து ஒரு விசில் கிளம்பியது. நாங்கள் மூன்று பேரும் சீட்டோடு சீட்டாக ஒட்டிக்கொண்டோம். அம்மாவின் மூக்குக்கண்ணாடி என் மடியில் விழுந்தது. வழியில் எங்களைத் தாண்டிப் போனவர்கள் எல்லோரையும் நாங்கள் திரும்பத் தாண்டினோம், அந்தத் தள்ளுவண்டி அம்மாவைத் தவிர, அவள் வீட்டுக்கே போய்ச் சேர்ந்திருப்பாள். அப்பா கண்ணை மூடவில்லை. "ஒம்பது... எட்டரை... ஐயோ, எட்டு..." என்று முனகிக்கொண்டே வந்தவர், ஒரு வளைவில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, "மாப்ள, பாத்து! பாத்துப் போங்க மாப்ள!" என்றார்.

"அம்மா, அப்பாவைப் பிடி" என்று அக்கா அழுதுகொண்டிருந்தாள். அம்மாவும் அழுதுகொண்டுதான் இருந்தாள். ஆனாலும் அழுகையை நிறுத்திவிட்டு அக்காவின் விலாவில் இடித்து, "கேட்டியா? மாப்ளங்கறாரு" என்றாள். மறுபடி அழுதாள்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயர் ஒட்டிப் படம் எடுத்தார்கள். இரத்தம் எடுத்தார்கள். மறுபடியும் படம், மறுபடியும் இரத்தம். மாப்பிள்ளை வெறுங்காலோடு அந்த வராந்தாவில் மேலும் கீழும் நடந்தார். செருப்பு வண்டியில் இருப்பது அவருக்கு நினைவே இல்லை. கடைசியில் டாக்டரம்மா வந்து, "இதயத்துக்கு ஒண்ணுமில்ல. மூடின வண்டியில சூடு, வெறும் வயிறு, வாயு. காலையில ஏன் ஒண்ணும் சாப்பிடல?" என்று கேட்டார்.

அப்பா எங்களைப் பார்க்காமல் சொன்னார். "வெயிட்டு குறையட்டும்னு."

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். அம்மா நடந்ததெல்லாம் சொன்னாள். அவர் சிரிக்காமல் கேட்டுவிட்டு, "என்ன வண்டி?" என்றார். மாப்பிள்ளை சொன்னார். அப்பா படுத்த வாக்கில், "கடைசியில எவ்வளவு காட்டுச்சு?" என்றார்.

"ஆறு புள்ளி மூணு மாமா" என்றார் மாப்பிள்ளை, ஏதோ திருடி மாட்டிக்கொண்டவர் மாதிரி.

"ஆறா?" என்றார் டாக்டரம்மா. "என் வீட்டுக்காரரும் அதே வண்டிதான் வெச்சிருக்காரு. அஞ்சுக்கு மேல காட்டி நான் பாத்ததே இல்ல."

அப்பா தலையணையிலிருந்து எழுந்து உட்கார்ந்தார். நர்ஸ் படுக்கச் சொன்னது காதில் விழவில்லை. "சாதாரணமா ஓட்டியே அஞ்சா? இவரு உயிர் போற அவசரத்துல மிதிச்சு ஆறு புள்ளி மூணு! டிப்போவுல இருந்திருந்தா இந்தக் காலுக்கு மாலை போட்டிருப்பேன்" என்று சொல்லி அம்மா பக்கம் திரும்பினார். "உன் கொழுந்தனுக்குப் போன் பண்ணு. சரின்னுட்டேன்னு சொல்லு." அம்மா போன் பண்ணினாள். நீங்கள் கேட்டது அந்த அழுகைதான்.

அக்கா வெளியே தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்று முகம் கழுவினாள், பிறகு மறுபடியும் கழுவினாள். மாப்பிள்ளை போகும்போது என்னிடம் மட்டும் வந்து, "நல்லவேளை கத்தினீங்க" என்றார். நான் சுவரைப் பார்த்துத் தலையாட்டினேன். அந்த வண்டியால்தானே இவ்வளவும் என்று அதை விற்றுவிடுவதாக அவரே அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். பெட்ரோல் மோந்து பார்த்தால் போதும் என்று ஓடுகிற சின்ன வண்டியாக ஒன்று வாங்கிக்கொள்வாராம். இனி இந்த வீட்டில் மைலேஜ் பேச்சு இருக்காது. எல்லோருக்கும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது. ஆகவே நீங்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடிவர வேண்டாம், நாள் குறிக்க நிதானமாக வந்தால் போதும்.

சித்திக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். பெரியவர்களான உங்கள் இருவரின் ஆசி எங்களுக்கு எப்போதும் வேண்டும்.

பணிவுடன்,
உங்கள் சின்ன மகள்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் மாப்பிள்ளை வந்துவிட்டார், வண்டிக்கு ஆள் கிடைத்துவிட்டது என்று சொல்ல. அப்பா நகவெட்டியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார். "யாரைக் கேட்டு விக்கறீங்க? ஒரு மனுஷனுக்கு அவசரம்னா எழுந்து ஓடற வண்டியை எவனாவது விப்பானா?" என்று சத்தம் போட்டார். பிறகு, தெருமுனைக் கடையில் மாத்திரை வாங்க வேண்டும், நடந்தால் மூச்சு வாங்கும், வண்டியில் போகலாம் என்றார். கடை இங்கிருந்து பார்த்தால் தெரியும். போனவர்கள் விளக்கு வைத்து நெடுநேரம் கழித்துத்தான் வந்தார்கள். கண்ணாடி நான்கும் இறங்கியிருந்தது, அப்பாவின் தலைமுடி முழுக்கப் பின்னால் போய் நின்றது, மாத்திரை வாங்கவில்லை. அந்த விசில் சத்தம் மூன்று தெரு தள்ளியே கேட்டதாக எதிர்வீட்டுக்காரர் சொன்னார். அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "என்ன குடுத்துச்சு?" என்று கேட்டாள். அப்பா தண்ணீரை அண்ணாந்து குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "நான் பாக்கல."